கடைசிப் படகுத்துறை வரை: கொல்கத்தாவிலிருந்து சுந்தரவனத் தீவுகளுக்கு

புயல் கரையைக் கடந்த நான்காம் நாள் கேனிங் சாலையில் நின்று பார்த்தால் வங்காளத்தில் இரக்கத்துக்குக் குறைவில்லை என்று தெரியும். முகப்பில் துணிப் பதாகை கட்டிய சின்ன லாரிகள், கூரைமேல் தார்ப்பாய்க் கட்டுகளோடு வாடகைக் கார்கள், அரிசி மூட்டைகளின்மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டு போகும் கல்லூரிப் பிள்ளைகள் என்று தெற்கே போகிற கூட்டம் தீராது. நாற்பதாம் நாள் அதே சாலையில் மீன் ஏற்றப் போகும் வண்டிகளைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. தீவில் இருப்பவருக்கோ அப்போதுதான் கஷ்டம் ஆரம்பம். வந்த அரிசி தீர்ந்திருக்கும், குளம் நாறும், வயலில் உப்பு பூத்திருக்கும், கடன் கொடுத்தவர் வாசலுக்கு வந்திருப்பார். கொல்கத்தாவில் இருந்துகொண்டு சுந்தரவனத்துக்கு உதவ நினைப்பவர்களுக்கான இந்த அத்தியாயம் நான்காம் நாளைவிட நாற்பதாம் நாளைப் பற்றித்தான் அதிகம் பேசும்.

எங்கே உடைகிறது

சுந்தரவனத்தின் இந்தியப் பகுதியில் 102 தீவுகள். அவற்றில் 54-இல் ஊர்கள் இருக்கின்றன, மற்றவை காடு. தெற்கு 24 பர்கானா மாவட்டத்தின் 13 வட்டாரங்களும் வடக்கு 24 பர்கானாவின் 6 வட்டாரங்களும் சேர்ந்தது இந்தப் பகுதி. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி சுமார் 45 லட்சம் பேர். ஆற்று வண்டல் படிந்து நிலம் தானாக உயர்வதற்கு முன்பே, ஆங்கிலேயர் காலத்தில், காட்டை வெட்டிக் கரைபோட்டுக் குடியேறிய மண் இது. அதனால் பல தீவுகளில் கடல் ஏற்றத்தோடு ஆறு ஏறும்போது தண்ணீர் மட்டம் வயலைவிட உயரத்தில் நிற்கும். நடுவில் இருப்பது சுமார் 3,500 கிலோமீட்டர் நீளத்துக்குப் போகும் கரைகள். பெரும்பாலும் வெறும் மண்கரைகள்.

அடையாற்றில் வெள்ளம் பார்த்தவர்களுக்கு வெள்ளம் என்றால் ஒருமுறை வந்து, நின்று, வடிந்து போவது. இங்கே கரை ஓரிடத்தில் உடைந்தால், அதை அடைக்கும்வரை நாளுக்கு இருமுறை உப்புநீர் உள்ளே வந்து போய்க்கொண்டே இருக்கும். 2009 மே 25-இல் வந்த ஐலா புயலில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கரை சேதமானது. பல ஊர்களில் இரண்டு மூன்று ஆண்டுகள் ஒழுங்கான விளைச்சல் இல்லை. அதன்பிறகு 2019 நவம்பரில் புல்புல், 2020 மே 20-இல் ஆம்பன், 2021 மே 26-இல் யாஸ், 2024 மே 26 இரவு ரீமால். யாஸ் கரையைக் கடந்தது ஒடிசாவில் பாலேஸ்வர் பக்கம். காற்று அவ்வளவு தூரம் தள்ளிப்போயும் கோராமாரா, மௌசுனி தீவுகள் மூழ்கின, ஏனென்றால் அன்று பௌர்ணமி, கடல் ஏற்றம் மிகும் நாள். ஐலா வந்தது அமாவாசைக்கு மறுநாள். காற்றின் வேகத்தைத் தொலைக்காட்சி மணிக்கு மணி சொல்லிவிடும். திதியை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். புயல் எச்சரிக்கையோடு அமாவாசையோ பௌர்ணமியோ சேர்ந்துவந்தால், கொல்கத்தாவில் மரம் ஒன்றுகூடச் சாயாவிட்டாலும் தீவுகளில் வேலை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கரை கட்டுவதற்கு நன்கொடை திரட்டலாமா என்று புதிதாக வரும் குழுக்கள் கேட்பதுண்டு. வேண்டாம். ஐலாவுக்குப் பிறகு கரைகளைத் திரும்பக் கட்ட 5,032 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் கிடைத்தது. நிலம் எடுப்பதில் சிக்கி அதன் பெரும்பகுதி நிறைவேறவில்லை. அரசாங்கமே தடுக்கி விழுந்த இடத்தில் உங்கள் உண்டியல் பணம் ஒரு பருவம்கூடத் தாங்காது. கரையோரச் சேற்றுத்திட்டில் அலையாத்தி மரக்கன்று நடும் பெண்கள் குழுக்களுக்குக் கூலி கொடுக்கலாம், அது நல்ல செலவு. அதுவும் நட்ட நாளின் கணக்கைப் பார்த்துக் கொடுக்காமல், ஆடு மேயாமல் ஓராண்டு காத்த கணக்கைப் பார்த்துக் கொடுங்கள்.

ஊரைத் தேர்ந்தெடுத்தல்

சியால்தாவில் கேனிங் லோக்கல் ஏறினால் சுமார் 45 கிலோமீட்டர். கேனிங்கில் இறங்கி மாத்லா பாலத்தைக் கடந்து பாசந்தி வழியாகக் கோத்காலி வரை சாலை. கோத்காலியில் ஆற்றைக் கடந்தால் கோசாபா. கொல்கத்தாவிலிருந்து புறப்படும் நிவாரணத்தில் பெரும்பகுதி இந்த வழியில்தான் போகிறது, கோசாபா கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் தீர்ந்தும் விடுகிறது. பின்மாலை ஆகிவிடும், படகுக்காரர் திரும்ப வேண்டும் என்பார், பதாகையைப் பிடித்துப் படம் எடுத்தாயிற்று, பொட்டலத்தை இங்கேயே கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்று தோன்றும். அடுத்த நாள் வருகிறவருக்கும் அதே தோன்றும். படகுத்துறையை ஒட்டிய ஐம்பது வீடுகளுக்கு ஒரே வாரத்தில் மூன்று குழுக்கள் பொரியும் அவலும் கொடுத்திருக்கும். தீவின் மறுமுனையில், காட்டைப் பார்த்த ஆற்றங்கரையில் இருக்கும் வீடுகளுக்கு ஒன்றும் போயிருக்காது. மீன், நண்டு, தேன் என்று காட்டை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களும், காட்டுக்குப் போன கணவனைப் புலிக்குக் கொடுத்த பெண்களும் அதிகம் இருப்பது அந்த முனையில்தான்.

ஆகவே மூன்றாவது, நான்காவது படகுத்துறையைக் கேளுங்கள். கோசாபாவைவிடச் சாத்ஜேலியா, குமிர்மாரி. கேனிங் வழியைவிட ஹஸ்னாபாத் ரயிலில் போய்ச் சேரும் ஹிங்கல்கஞ்ச் வட்டாரம், தாமாகாலி துறையிலிருந்து சந்தேஷ்காலி, நாம்கானா பாதையில் பாதர்பிரதிமாவின் உள்தீவுகள். எந்த ஊர் என்று கொல்கத்தாவில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கு, அதாவது ஊரில் எல்லோரும் பிடிஓ ஆபீஸ் என்று சொல்லும் இடத்துக்கு, ஒரு நாள் முன்பே ஆள் அனுப்பி யார் யார் எங்கே கொடுத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். அங்கே கிடைக்கும் பட்டியலைப் பள்ளித் தலைமையாசிரியரிடமும் ஆஷா பணியாளரிடமும் மகளிர் சுயஉதவிக் குழுவிடமும் காட்டிச் சரிபாருங்கள். பஞ்சாயத்துப் பிரதானை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது, அவர் சொன்னதை மட்டும் நம்பியும் போகக் கூடாது. ஆம்பன் நிவாரணத்தில் முறைகேடு என்ற புகார்கள் முற்றி, 2020 டிசம்பரில் கல்கத்தா உயர் நீதிமன்றம் அதைத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் தணிக்கை செய்ய வேண்டும் என்று உத்தரவிட்ட கதை தீவில் எல்லோருக்கும் தெரியும். பட்டியல் என்றாலே சந்தேகப்படும் ஊரில் உங்கள் பட்டியல் படகுத்துறைச் சுவரில் எல்லோரும் படிக்கும்படி ஒட்டப்பட வேண்டும், வங்காளத்தில்.

தமிழ்நாட்டில் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் நூற்றுக்கணக்கான தொண்டு அமைப்புகள் வந்து இறங்கின. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் ஸ்நேகா அமைப்பும் முன்நின்று, மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து ஓர் ஒருங்கிணைப்பு மையத்தை நடத்தின. எந்தக் குப்பத்துக்கு யார் பொறுப்பு, எங்கே என்ன விட்டுப்போயிற்று என்பதை அங்கே பார்த்துத் தெரிந்துகொள்ள முடிந்தது. சுந்தரவனத்துக்குப் போகும் சின்னக் குழுக்கள் அவ்வளவு பெரிதாக ஒன்றும் செய்யத் தேவையில்லை. ஒரே தீவுக்குப் போகும் நான்கைந்து குழுக்கள் சேர்ந்து ஒரு வாட்ஸாப் குழு வைத்து, கொடுத்த பாராவின் (குடியிருப்பின்) பெயரை அன்றன்று எழுதினாலே போதும்.

தனியாகப் போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பேலூர் ராமகிருஷ்ண மிஷனும் பாலிகஞ்சில் தலைமையகம் உள்ள பாரத் சேவாசிரம சங்கமும் நூறாண்டுக்கு மேற்பட்ட நிவாரண அனுபவம் உள்ளவை. சமையற்கூடம் நடத்த அவர்களுக்கு நீங்கள் கற்றுக்கொடுக்க ஒன்றுமில்லை. ரங்காபேலியாவில் தலைமையாசிரியராக இருந்த துஷார் காஞ்சிலால் தாகூர் கிராம மேம்பாட்டுச் சங்கத்தின் வேலையைத் தீவிலேயே தங்கிப் பல பத்தாண்டுகள் வளர்த்தார். 2020 ஜனவரியில் அவர் காலமானார், நான்கு மாதம் கழித்து ஆம்பன் வந்தது. பாங்கரில் உள்ள தெற்குச் சுகாதார மேம்பாட்டுச் சமிதி படகிலேயே மருத்துவமனை நடத்துகிறது. உங்களிடம் பணம் மட்டும் இருந்து ஆள் இல்லையென்றால், புயல் இல்லாத மாதங்களிலும் தீவில் வேலை செய்கிற அமைப்பாகப் பார்த்துக் கொடுங்கள். என் அளவுகோல் அது ஒன்றுதான்.

எதை ஏற்றுவது

சாம்பார்ப் பொடி வேண்டாம். சிரிக்காதீர்கள், கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து திரட்டும்போது நம் சமையலறைப் பழக்கம் தானாகப் பட்டியலில் ஏறிவிடும். புழுங்கலரிசி, மசூர் பருப்பு, கடுகெண்ணெய், உருளைக்கிழங்கு, வெங்காயம், உப்பு, மஞ்சள் தூள், சோயா உருண்டை. அடுப்பு மூட்ட முடியாத முதல் நாட்களுக்குப் பொரி, அவல், வெல்லம், பிஸ்கட். துவரம் பருப்பு அங்கே அதிகம் புழக்கத்தில் இல்லை, பச்சரிசி நாள்முழுதும் கரையில் மண் சுமக்கிறவருக்கு வயிற்றில் நிற்காது. முதல் நடையைத் தவிர மற்றதையெல்லாம் கொல்கத்தாவின் போஸ்தா பஜாரில் வாங்காமல் கேனிங்கிலும் கோசாபாவிலும் வாங்குங்கள். கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூட ஆகலாம், ஆகட்டும். லாரி வாடகை மிச்சம். தவிர, புயலில் அடிபட்ட கடைக்காரர் இலவச அரிசியால் இன்னொரு முறை அடிபடாமல் இருப்பார். அவர் கடை திறந்திருந்தால்தான் ஊருக்கு அடுத்த மாதம் கடனில் சாமான் கிடைக்கும்.

பழைய துணி அறவே வேண்டாம். சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரைச் சாலைகளில் கொட்டிக்கிடந்த துணிக் குவியல்களை நேரில் பார்த்தவர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். யாரும் தொடாமல் மழையில் நனைந்து மக்கிய அந்தத் துணியில் ஒரு பகுதியை தில்லியின் கூஞ்ச் அமைப்பு எடுத்துச் சலித்துப் பயனாக்கியது. கொடுப்பதென்றால் புதுச் சேலை, உள்பாவாடை, லுங்கி, கம்சாத் துண்டு என்று அவர்கள் உடுத்துவதைக் கொடுங்கள். மாதவிடாய்க்குத் துவைத்துப் பயன்படுத்தும் துணிப் பட்டைகளும் அதைத் துவைக்க ஒரு வாளியும் சோப்பும் சேர்த்துக் கொடுங்கள். தூக்கி எறியும் பட்டைகளைத் தீவில் எங்கே எறிவது?

தண்ணீர்தான் புதியவர்கள் கணக்குத் தவறும் இடம். பேரிடர்ப் பணியில் உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட ஸ்பியர் அளவுப்படி குடிக்க, சமைக்க, கழுவ ஓர் ஆளுக்கு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் வேண்டும். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 75. நூறு வீடுள்ள ஒரு பாராவுக்கு 7,500 லிட்டர், ஒரே நாளைக்கு. பாட்டில் தண்ணீரை எத்தனை படகில் ஏற்றினாலும் இது எட்டாது. முதல் இரண்டு மூன்று நாள் குடிப்பதற்குப் பாட்டில், அதற்குள் அடிகுழாயைச் சரிசெய்யும் ஆள். அங்கே மேல்மட்ட நிலத்தடி நீர் உப்பு. நல்ல தண்ணீருக்கு ஆயிரம் அடியை ஒட்டித் துளைத்த ஆழ்குழாய்களே கதி. வெள்ளத்தில் முழுகிய குழாயின் மேடையை உயர்த்தி, தலைப்பகுதியை மாற்றி, குளோரின் விட்டு அடித்துக் கழுவினால் அது மறுபடி ஊருக்கு உதவும். குளோரின் மாத்திரை கிருமியைக் கொல்லும், உப்பை எடுக்காது. உப்புக் குளத்துத் தண்ணீரில் மாத்திரை போட்டுக் குடிக்கச் சொல்லும் துண்டறிக்கைகளையும் பார்த்தாயிற்று.

கொசுவலை பட்டியலில் முதல் ஐந்துக்குள் வர வேண்டும். கொசுவுக்காக மட்டும் அல்ல. வெள்ளத்தில் வளை இழந்த பாம்புகள் மேட்டுக்கு வரும், வீடிழந்தவர்களும் மேட்டில்தான் தரையில் படுத்திருப்பார்கள். அங்கே காலாச் என்று சொல்லும் கட்டுவிரியன் தூக்கத்தில் கடிக்கும், பல நேரம் கடித்த தடமே தெரியாது, விடியும்போது வயிற்று வலி என்பார்கள். நான்கு பக்கமும் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிய வலை இதைத் தடுக்கும். கடிபட்டவரை மந்திரிக்கிறவரிடம் கொண்டுபோகாமல் நேரே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று கேனிங்கின் யுக்திவாதி சம்ஸ்கிருதிக் சங்ஸ்தா பல ஆண்டுகளாகப் பேசிவருகிறது. அவர்களுடைய துண்டறிக்கையை உங்கள் பொட்டலத்தோடு சேர்த்துக் கொடுக்கலாம். இந்தியாவில் நச்சுமுறி மருந்துக்கான விஷத்தில் பெரும்பங்கு மாமல்லபுரம் அருகே இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுப்பது. வங்காளப் பாம்புகளின் விஷம் சற்று வேறு, இங்கேயே எடுத்த விஷத்தில் மருந்து வேண்டும் என்று இங்குள்ள மருத்துவர்கள் சொல்லிவருகிறார்கள். அது பெரிய விஷயம், நம் படகில் ஏறாது. கொசுவலை ஏறும்.

மாட்டுக்கு வைக்கோல். இதை யாரும் கொண்டுபோவதில்லை. உப்புநீர் பட்ட புல் கருகிவிடும், பசியில் நிற்கும் மாட்டைப் பாதி விலைக்கு விற்க ஒரு வாரம் போதும், திரும்ப வாங்க மூன்று வருஷம் ஆகும். வைக்கோல் இடத்தை அடைக்கும், படத்தில் அழகாக இருக்காது. இருந்தாலும் உங்கள் இரண்டாவது படகை அதற்கு ஒதுக்கலாம்.

படகும் கொடுக்கும் முறையும்

பட்பட்டி எனப்படும் இயந்திரப் படகை ஓட்டுபவர்தான் அன்றைக்கு உங்கள் தலைவர். எத்தனை மூட்டை ஏறும், எப்போது புறப்பட வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும். ஆறு வற்றும் நேரத்தில் பல துறைகளில் படகு கரையை ஒட்ட முடியாது. முழங்கால் ஆழம் சேற்றில், சில இடத்தில் இடுப்பு வரை, மூட்டையைத் தலையில் வைத்துக் கடக்க வேண்டியிருக்கும். ஏற்றத்தோடு போய்ச் சேர்ந்து, இறக்கிவிட்டு, இருட்டுவதற்கு முன் திரும்பும்படி நேரத்தை அமைப்பது அவருக்குக் கைவந்த கலை. “தாதா, ஜோவார் எப்போது?” என்று ஏற்றத்தின் நேரத்தை முந்தின நாளே கேட்டு அதற்கேற்பக் கொல்கத்தாவில் லாரி ஏற்றுங்கள். மூட்டை 25 கிலோவுக்கு மேல் வேண்டாம், உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறை. உயிர்காப்பு அங்கி எல்லோருக்கும். உங்கள் சோறும் தண்ணீரும் உங்களோடு. புயல் பாதுகாப்பு மையத்திலோ பள்ளியிலோ தங்கி அவர்களுடைய இடத்தை அடைக்காதீர்கள்.

கூட்டத்தில் கொடுத்தால் வலியவன் வாங்குவான். முந்தின நாள் உள்ளூர் ஆட்கள் வீடு வீடாகப் போய்ச் சீட்டுக் கொடுக்க வேண்டும், சீட்டு வீட்டுப் பெண்ணின் பெயரில். முதியவர், ஊனமுற்றவர், கைக்குழந்தைக்காரி வரிசையில் நிற்க வேண்டாம், பொட்டலம் வீட்டுக்குப் போகட்டும். கையில் பொட்டலத்தோடு நிற்பவர் முகத்தைப் படம் எடுக்காதீர்கள். நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்டக் கையெழுத்திட்ட சீட்டின் அடிக்கட்டு போதும். சரஸ்வதி பூஜைக்கு வீடு வீடாக வசூல் செய்யும் கொல்கத்தாப் பையன்கள் அடிக்கட்டோடு ரசீது கொடுப்பதில் தேர்ந்தவர்கள், அந்தத் திறமையை இங்கே இறக்குங்கள்.

நாற்பதாம் நாளுக்காக

இனிதான் நம் வேலை. முதலில் குளம். தீவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குளம், குளிக்க, பாத்திரம் கழுவ, மீன் வளர்க்க, கத்தரிச் செடிக்கு ஊற்ற எல்லாம் அதுதான். உப்பு புகுந்ததும் மீன் செத்து மிதக்கும், இலை அழுகும். உப்புத் தண்ணீரை முழுதாக இறைத்து, அழுகலை வாரி, சுண்ணாம்பு போட்டு, ஜூன் மழைக்கு வெறுங்குளமாகக் காத்திருக்க வேண்டும். மழை நல்ல தண்ணீரை நிரப்பிவிடும், பிறகு மீன்குஞ்சு விடலாம். டீசல் பம்ப் ஒன்றும் ஓட்டத் தெரிந்த இருவரும் ஒரு மாதம் தீவில் இருந்தால் ஒரு பாராவே மீளும். பம்ப் வாங்கி மகளிர் குழுவின் பொறுப்பில் விட்டுவிட்டு டீசலுக்கு மட்டும் பணம் அனுப்பிக்கொண்டிருக்கலாம். மழை இறங்கிய பிறகு இறைப்பதில் பயனில்லை, அதனால் இது நாள் குறித்த வேலை.

அடுத்தது விதை. மே கடைசியில் புயல், ஜூன் பாதியில் மழைக்கால ஆமன் நெல்லுக்கு நாற்றங்கால். நடுவில் மூன்று வாரம்தான். வயலில் மேட்டுப்பாங்கான மூலையில் நாற்று விடலாம், பொது இடத்தில் கூட்டு நாற்றங்கால் போட்டுப் பகிர்ந்துகொள்ளலாம். நோனா போக்ரா, தால்முகுர், மாத்லா போன்ற உப்பைத் தாங்கும் பழைய நெல்வகைகள் முன்பு இங்கே சாதாரணம். அதிக விளைச்சல் ரகங்கள் வந்ததும் வீட்டு விதைக்குதிரிலிருந்து அவை போய்விட்டன. ஐலாவுக்குப் பிறகு ஊர் ஊராக அலைந்து தேட வேண்டியிருந்தது. கேனிங்கில் மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிறுவனத்தின் வட்டார நிலையம் இருக்கிறது. எந்த ரகம், எவ்வளவு உப்புக்கு எது தாங்கும் என்று அங்கே கேட்டுவிட்டு விதை வாங்குங்கள். விதையை நிவாரணமாகக் கொடுக்கும் குழு, அறுவடையில் அதே அளவு விதையை ஊர் விதைக்கிடங்குக்குத் திருப்பித் தர வேண்டும் என்று பேசிக்கொள்ளலாம். அடுத்த புயலுக்கு விதை கொல்கத்தாவிலிருந்து வர வேண்டியிருக்காது. உப்பை மண்ணிலிருந்து எடுப்பது மழையின் வேலை. வரப்பை உயர்த்தி மழைநீரை நிறுத்தி, வடித்து, மறுபடி நிறுத்த வேண்டும். நம் ஊரில் தக்கைப்பூண்டு மடக்கி உழுவதுபோல் அங்கேயும் தொய்ஞ்சா விதைத்து உழுவார்கள், அது உப்பைத் தாங்கி வளரும். நன்செய் தெரிந்த தமிழருக்கு இதில் பேச நிறைய இருக்கும்.

அதிகம் காசு செலவில்லாத உதவி ஒன்று உண்டு, விண்ணப்பம் எழுதுவது. யாஸுக்குப் பிறகு மாநில அரசு ‘துவாரே த்ராண்’ (வாசலில் நிவாரணம்) முகாம்களில் 2021 ஜூன் 3 முதல் 18 வரை விண்ணப்பம் வாங்கியது. முழுதாக இடிந்த வீட்டுக்கு 20,000 ரூபாய், ஓரளவு சேதமானதற்கு 5,000. பயிருக்கும் மாட்டுக்கும் படகுக்கும் தனித்தனி இனங்கள். வங்காளம் எழுதப் படிக்கத் தெரிந்த இரண்டு கல்லூரிப் பிள்ளைகள், ஜெராக்ஸ் எடுக்க ஒரு பேட்டரி அச்சுப்பொறி, ஒரு மேசை. நனைந்து கிழிந்த ஆதார், ரேஷன் அட்டைக்கு மறுபிரதி கேட்கும் மனு, வங்கிக் கணக்கு எண்ணைச் சரியாக எழுதுதல். ஓர் எண் தப்பினால் பணம் வராது, ஏன் வரவில்லை என்று சொல்லவும் ஆள் இருக்காது. பத்து நாள் மேசை போட்ட குழு ஓர் ஊருக்கு வரவழைத்துக் கொடுக்கும் தொகை, அதே குழு திரட்டக்கூடிய நன்கொடையைவிடப் பல மடங்கு இருக்கும். எந்த நன்கொடையாளரும் இதைப் படமாகக் கேட்பதில்லை என்பதால்தானோ என்னவோ, செய்கிறவர்கள் குறைவு.

பணமும் சட்டமும்

சுருக்கமாகச் சொல்கிறேன். 80ஜி என்று பழகிப்போன வரிச்சலுகை பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கே. ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய் வரைதான் கணக்கில் வரும், பொருளாகக் கொடுத்ததற்கு இல்லை. வெளிநாட்டுத் தமிழர்களில் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன், கனடா என்று வேறு குடியுரிமை பெற்றவர், ஓசிஐ அட்டை இருந்தாலும், எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு உள்ள அமைப்புக்கே கொடுக்க முடியும், அதுவும் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் உள்ள அந்த அமைப்பின் கணக்குக்கு. 2020 திருத்தத்துக்குப் பிறகு அப்படி வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றக் கூடாது. ஆகவே சென்னையில் உள்ள அமைப்புக்கு அனுப்பி அவர்கள் கோசாபாவுக்கு அனுப்பட்டும் என்று திட்டமிடாதீர்கள். தீவில் நேரே வேலை செய்யும், பதிவுள்ள அமைப்பைத் தேடுங்கள்.

திரட்டியதில் பாதியை மூன்று மாதம் தொடாமல் வையுங்கள். நன்கொடையாளர்களிடம் இதை முதல் நாளே எழுத்தில் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் இரண்டாம் வாரமே பணம் என்னாயிற்று என்று கேட்பார்கள்.

தமிழ்நாட்டில் இருந்தபடி

ஐலாவுக்குப் பிறகு உப்பு வயலை விட்டு ஆண்கள் கிளம்பினார்கள். கேரளம், அந்தமான், தமிழ்நாடு. ஆம்பன் வந்த 2020 மே மாதத்தில் அவர்களில் பலர் ஊரடங்கில் வேலையும் கூலியும் இழந்து வழியில் இருந்தார்கள். வீடு விழுந்த அதே வாரத்தில் வீட்டுக்கு வரும் பணமும் நின்றது. 2023 ஜூன் 2-இல் பாலேஸ்வர் அருகே விபத்துக்குள்ளான கோரமண்டல் விரைவு வண்டியில் பாசந்தியிலிருந்து தெற்கே கூலி வேலைக்கு வந்துகொண்டிருந்தவர்களும் இறந்தார்கள். சுந்தரவனம் நமக்குத் தூரத்து ஊர் இல்லை. திருப்பூர்ப் பனியன் கம்பெனியிலும் சென்னைக் கட்டட வேலையிலும், இப்போது டெல்டா நடவிலும், நம் பக்கத்தில் நிற்கிறவரின் ஊர்.

வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்கள் வங்காள விரிகுடாவில் புயல் சின்னம் என்ற செய்தி வந்ததும் செய்யக்கூடியவை சில. ஆட்களில் யாருடைய வீடு கரையோரத்தில் என்று கேளுங்கள். கைபேசிக்கு ரீசார்ஜ் போட்டுக் கொடுங்கள். கோபுரங்கள் விழுவதற்கு முன் அவர்கள் வீட்டில் பேசிவிட வேண்டும். சம்பள பாக்கியை அன்றே தீர்த்து, ஒரு மாதச் சம்பளத்தை வட்டியில்லாத முன்பணமாகக் கொடுங்கள். ஊரில் கடன் வாங்கினால் அடுத்த அறுவடை வரை வட்டி ஓடும், உங்களிடம் வாங்கினால் கூலியில் கழியும். போய்விட்டு வர விடுப்பும் முன்பதிவு டிக்கெட்டும் கொடுத்தால் திரும்பி வருவார். கொடுக்காவிட்டாலும் போவார், திரும்பி வர மாட்டார்.

அவர் புறப்படும்போது தீவின் பெயர், படகுத்துறையின் பெயர், அந்தப் பாராவில் எல்லோரும் நம்புகிற ஆசிரியரின் அல்லது ஆஷா தீதியின் பெயர், எத்தனை வீடு, எத்தனை குளம், எத்தனை மாடு என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கொல்கத்தாவில் உதவிக் குழு நடத்துகிறவர்களுக்கு இப்படி ஒரு தாள் எளிதில் கிடைக்காது. அதை அவர்களுக்கு அனுப்பிவிட்டு, மழை இறங்குவதற்கு முன் அந்தப் பாராவுக்குப் பம்ப் போய்ச் சேர்ந்ததா என்று கேளுங்கள்.